படுத்தபடியே செய்த ஜெபம்

கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபையார் முன்னால் சொல்ல எழுந்து நிற்கிறேன். நான் இப்படி நிற்பதே பெரிய காரியம்.

அறுபத்து நான்காம் வருஷம், மழைக்காலத் தொடக்கத்தில், என் வலது காலில் சுருண்டு கிடந்த நரம்புக்கு ஆபரேஷன் நடந்தது. தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் தையல் மெஷின் மிதித்துத்தான் நானும் சம்பாதித்தேன். புண் ஆறியது, வீக்கம் போகவில்லை. டாக்டர் கொடுத்த இறுக்கமான ரப்பர் காலுறையைத் தினமும் மாட்டினேன். மாட்டி முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். அப்படியும் சாயங்காலம் மெஷினில் கால் வைக்க முடியாது.

என் வீட்டுக்காரர் மில்லில் வேலை. அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "நீ பிள்ளையளக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிரு. இங்க கெடந்து கஷ்டப்படாத," என்றார். அவர் இங்கே, நாங்கள் அங்கே என்றால் அது என்ன குடும்பம்?

விடியுமுன் எழுந்து முழங்கால் போட்டு அழுதேன். வீக்கம் கூடக்கூட ஜெபத்தையும் நீட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டவரே, உமக்குக் காது கேட்கவில்லையா என்று கோபமாகவே கேட்டுவிட்டேன்.

அந்த வாரம் மாட்டுங்காவுக்கு, காலுறை கொடுத்த டாக்டரிடம் போனேன். பாலக்காட்டுக்காரர். காலை அழுத்தினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"காலம்பற எழுந்துண்டதும் என்ன பண்றேள்?"

"முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவேன் சார். ஒரு மணி நேரம் ஆவும்."

"அந்த ரப்பர் ஸ்டாக்கிங்?"

"அதுக்குப் பொறவுதான். செருப்பு மாதிரி அதுவும் கால்ல மாட்டுறதுதான? அதோட ஆண்டவர் முன்னால எப்படிப் போவ?"

அவர் சிரிக்கவில்லை. "எழுந்துண்டாலே கால்ல நீர் இறங்கிடும். வீங்கினப்புறம் மாட்டிண்டு என்ன பிரயோஜனம்? படுக்கையிலேயே மாட்டிக்கோங்கோ. பிரார்த்தனையும் படுத்துண்டே பண்ணுங்கோ. உங்க சுவாமிக்குக் கேக்காதா என்ன?"

நான் ஆண்டவரிடம் கேட்ட அதே கேள்வி.

மறுநாள் படுக்கையிலேயே காலுறையை மாட்டி, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து ஜெபித்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்னட்டி, மகாராணி ஜெபமா?" என்றார். மழை ஓய்வதற்குள் வீக்கம் வடிந்தது. மெஷின் ஓடியது. ஊருக்குப் போகும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

இன்றும் செருப்பை வாசலில் விட்டேன், காலுறையோடு உள்ளே வந்திருக்கிறேன். முழங்கால் போட முடியவில்லையே என்று உங்கள் வீட்டில் யாராவது அழுதால், படுத்தபடியே கூப்பிடச் சொல்லுங்கள். டாக்டர் சொல்வதையும் கேட்கச் சொல்லுங்கள். ஆண்டவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.