வசிக்கும் நாடு

இருபத்தாறு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எத்தனை மணிக்கு எழுந்தேன், கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மா என்ன மீன் கொண்டுவந்தார், யார் வந்தார்கள், என்ன பேசினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பேசியதைப் பேசியபடியே எழுதிவைப்பது என் பழக்கம். "கோர்ட்டுக்கு எழுதுற மாதிரி எழுதுறாரு" என்பாள் என் மனைவி. அப்படி எழுதிய நோட்டுகளில் ஒரே ஒரு நாள் மட்டும், நான் சொன்ன ஒரு வார்த்தையை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எதிர்வீட்டு அக்காவிடம் சொன்ன வார்த்தை அது.

அக்காவைத் தெருவில் சொல்தா வீட்டம்மா என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வது. கணவரோடு முப்பத்தொரு வருடம் பிரான்சில் ஐந்து ஊர்களில் குடித்தனம் செய்தவர். அவர் ஓய்வுபெற்றதும் இருவரும் காரைக்காலுக்கே வந்துவிட்டார்கள். அவர் இறந்த பிறகும், பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் எவ்வளவோ கூப்பிட்டும், அக்கா போகவில்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிறார். பென்சன் அங்கிருந்து வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். ஒரு வருடம் அது போய்ச்சேரத் தாமதமாகி, நான்கு மாதம் பென்சன் நின்றுபோனது. அந்த நான்கு மாதத்தைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

நான் நெரவியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அரசலாற்றுப் பக்கம் வரும் பறவைகளைப் பற்றி இரண்டு சிறு மின்னூல்களை வெளிநாட்டுத் தளம் ஒன்றில் நானே வெளியிட்டிருக்கிறேன். விற்பனை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதற்காக அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பியதும், பான் எண்ணைக் கொடுத்து முப்பது விழுக்காடு வரிப் பிடித்தத்தைப் பதினைந்தாகக் குறைத்ததும், வங்கிக்கு நடந்து பணம் வரவேண்டிய எண்ணை வாங்கியதும் எனக்குப் பெருமையான காரியங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் டேப்லெட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பனி பெய்யும் ஊர்களில் புளி கிடைக்காமல் குழம்பு வைத்தது, பட்டாளக் குடியிருப்பில் பக்கத்து வீட்டாரோடு சைகையில் சண்டை போட்டது என்று பதினெட்டுக் கட்டுரைகள். தமிழில், ஒற்றை விரலால் தட்டியவை.

"இதையும் உன் பறவையோட பறக்கவிட்டுடு தம்பி" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர் பெயரில் கணக்குத் தொடங்கினோம். வரிப் படிவத்தில் முதலில் குடியுரிமை கேட்டது. பிரான்ஸ் என்று போட்டேன். அடுத்தது வசிக்கும் நாடு. இந்தியா என்று போட்டேன். அக்காவின் பான் எண்ணைக் கொடுத்ததும் பதினைந்து விழுக்காடு என்று காட்டியது. அங்கேயே முடித்திருக்கலாம். பின்னால் போய், வசிக்கும் நாட்டையும் பிரான்ஸ் என்று மாற்றிப் பார்த்தேன். பூஜ்யம் என்றது.

எங்கள் ஊரில் இது சுலபமாக வருகிற தப்பு. பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால், இந்தத் தெருவைத் தாண்டாதவரைக்கூட பிரான்ஸ்காரர் என்றுதான் சொல்வோம். "அவங்களுக்கென்ன, பிரான்ஸ்காரங்க" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில் விளக்கம் இருந்தது. பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை, வருடத்தில் பெரும்பகுதி எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறோம் என்பது அதன் பொருள். அதை இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டுத்தான் மகளின் முகவரியைப் போட்டேன். பென்சன் காகிதத்தில் இருந்த பிரெஞ்சு வரி எண்ணையும் போட்டேன். படிவம் தடையில்லாமல் ஏற்றுக்கொண்டது. எனக்கு ஏதோ பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியது போல் இருந்தது.

கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னதெல்லாம் உண்மை, பொய்யென்றால் தண்டனைக்குரியது என்று எழுதி, பெயரைத் தட்டச்சொன்னது.

"என்ன தம்பி போட்டிருக்கான்?"

"எல்லாம் சரின்னு கையெழுத்து கேக்கிறான்க்கா. உங்க பேரைத் தட்டுங்க."

அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். இடையில் ஒரு எழுத்து இரட்டித்துவிட்டது. அழித்துத் திரும்பத் தட்டினார்.

புத்தகம் வெளிவந்தது. ரீயூனியன் தீவிலிருந்து யாரோ ஒரு பெண், தன் அம்மாவும் இப்படித்தான் குழம்பு வைத்தாள் என்று தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக் கருத்துப் போட்டிருந்தார். அக்கா அதைத் தெருவில் ஐந்து வீட்டுக்காவது காட்டியிருப்பார். இரண்டாவது புத்தகத்துக்கும் எழுதத் தொடங்கினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம், செருப்புப் போடாமல் தெருவைக் கடந்து வந்தார். கையில் டேப்லெட். முகவரி பிரான்சில் இருக்கிறது, வங்கிக் கணக்கு இந்தியாவில் இருக்கிறது, பிரான்சில் வசிப்பதற்கான சான்றை முப்பது நாளுக்குள் அனுப்பவும், அதுவரை பணம் நிறுத்திவைக்கப்படும் என்று மெயில் வந்திருந்தது.

"பிரான்ஸ்னு போட்டிருக்கான், வரின்னு போட்டிருக்கான், நிறுத்துறோம்னு போட்டிருக்கான். என் பென்சனைத்தானே தம்பி?"

"இல்லக்கா. இது வேற, அது வேற. புத்தகப் பணம் மட்டும்தான்."

"உனக்குத் தெரியாது. ஒரு காயிதத்துல தப்பு இருந்தா எல்லாக் காயிதத்தையும் எடுத்துப் பார்ப்பானுவ. அன்னைக்கு நான்தான் பேரைத் தப்பாத் தட்டினேன். ஒரு எழுத்து ரெண்டா விழுந்துச்சே, அதான்."

நான் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கலாம்க்கா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் நோட்டில் இல்லை; அதை விடுவதற்காக மற்றப் பேச்சையும் எழுதவில்லை. அன்றைய பக்கத்தில், 'மாலை 5.40: அக்கா வந்தார். தளத்திலிருந்து மெயில். சரிசெய்ய வேண்டும்' என்று மட்டும் இருக்கிறது.

அதன்பிறகு பதினோரு நாள் அக்கா ஒரு வரி எழுதவில்லை. டேப்லெட்டைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டதாகச் சொன்னார். உயிர்ச்சான்று அனுப்ப இன்னும் நாலு மாதம் இருந்தும், கோப்பைத் தூக்கிக்கொண்டு யார் யாரிடமோ விசாரித்தார். ரீயூனியன் பெண்ணைப் பற்றிய பேச்சே இல்லை. புத்தகத்தை எடுத்துவிடச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். நான் "பாக்கலாம்க்கா" என்றேன்.

படிவத்தை எப்படித் திருத்துவது என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். வசிக்கும் நாட்டை இந்தியா என்று மாற்றி, பான் எண்ணோடு புதிதாக நிரப்பினால் போதும். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்ற எண்ணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதற்காகத்தான் இன்றும் அதிகம் வெட்கப்படுகிறேன். பதினோராம் நாள் அதைச் செய்து முடிக்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

"நான் தொட மாட்டேன் தம்பி. நான் தொட்டாத்தான் தப்பாவுது. என் பேரையும் நீயே தட்டிடு."

திரும்பி வந்துவிட்டேன். மனைவியிடம், அக்கா கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றேன்.

"போட்டுற வேண்டியதுதானே? போன தடவையும் நீங்கதானே எல்லாத்தையும் போட்டீங்க" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே சொன்னாள். "அந்தப் பொம்பள இப்பல்லாம் வாசல்ல கோலங்கூட போடுறதில்லங்க. நான் தினம் பாக்கிறேன்."

அக்காவின் பெயரை நான் தட்டினால், முதல் தடவை வாங்கிய பொய்க் கையெழுத்துக்கு மேல் இன்னொன்று ஆகும். உடனே மறுபடியும் போனேன். அக்கா ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து புளியைக் கொட்டையெடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். பூஜ்யம் என்று காட்டியதைச் சொன்னேன். சின்ன எழுத்தைப் படித்ததைச் சொன்னேன். தண்டனைக்குரியது என்ற வரியை மறைத்ததையும் சொன்னேன். கடைசியில், "உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லக்கா. அன்னைக்கு இருக்கலாம்னு சொன்னது பொய்" என்றேன்.

அவர் கை நின்றது.

"பதினோரு நாளு" என்றார். அவரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். "நீங்க எங்க வீட்டு எதிர்லயே இருந்தீங்க."

என்னை அவர் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து கை கழுவி, பீரோவிலிருந்து டேப்லெட்டை எடுத்துவந்தார்.

"ஒவ்வொரு வரியையும் தமிழ்ல சொல்லுங்க. சின்ன எழுத்தும் விடக்கூடாது."

சொன்னேன். ஒரு படிவம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. வசிக்கும் நாடு வந்தபோது அவரே திரையில் விரல் வைத்துத் தேடி இந்தியாவைத் தொட்டார். பிடித்தம் பதினைந்து என்று காட்டியது. "எடுத்துக்கிட்டுப் போவட்டும்" என்றார். தண்டனை வரியை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, தன் பெயரைத் தட்டினார். எந்த எழுத்தும் இரட்டிக்கவில்லை.

"பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்க்கா. நான்தானே போட்டேன்."

"மாத்தணும். எங்க மாத்துறதுன்னு காட்டுங்க."

காட்டினேன்.

"இப்ப அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

திரும்பி உட்கார்ந்தேன். எதிரே சுவரில் அவர் கணவர் சீருடையில் இருந்தார். எனக்குப் பின்னால் ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தது. நீளமான பாஸ்வேர்டு. அவர் போதும் என்று சொல்லும்வரை நான் திரும்பவில்லை.