பச்சை டிக் வந்தது உண்மைதான்

ரபியா எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு செய்தவன் நான். செய்துவிட்டு அதை அவள் தலையில் கட்டியவனும் நான்தான்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... உங்களுக்கு மென்பொருள் தெரிய வேண்டியதில்லை. பொய் தெரிந்தால் போதும்.

ராஜபாளையத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதே இப்போது பாதிதான் உண்மை. என்ன வேண்டும் என்று நான் சொல்கிறேன். ஏஐ எழுதித் தருகிறது. அது கைக்கு வந்த புதிதில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாரக்கணக்கில் இழுத்த வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது! அந்த வேகத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு முன்பதிவு ஆப் செய்து கொடுத்தேன். சுற்று ஊர்களிலிருந்து வருகிற நோயாளிகள் அடுத்த வாரத்துக்கான படுக்கையைப் போனிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

"படுக்கை காலியா என்று பார். காலி என்றால் பெயரைப் பதிவு செய்." ஏஐயிடம் நான் சொன்னது இவ்வளவே. எழுதித் தந்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தது. இரண்டு பேர் ஒரே கணத்தில் கேட்டால் இருவருக்குமே படுக்கை காலியாகத் தெரியும். இருவருக்கும் பச்சை டிக் காட்டும். ஆனால் பின்னால் பதிவாகும் பெயர் முன்னதை அழித்துவிடும். சரிசெய்யட்டுமா?

"இப்போது வேண்டாம். சின்ன மையம்தான்" என்று தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

பதிவு திறக்கும் நேரத்துக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியது என்றுதான் நினைக்கிறேன்... அவசரத்தில் தள்ளிவிட்டேன்.

ரபியாவின் அத்தாவுக்கு வத்திராயிருப்பில் பழக்கடை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்ட மனிதர். அவருக்காகப் படுக்கை பதிவு செய்வது மகளின் பொறுப்பு. ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு மையத்துக்கு வந்தபோது அந்தப் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். மற்ற படுக்கைகளும் காலியில்லை. மையத்தைப் பார்த்துக்கொள்ளும் விஜயா மேடம் என்னை அழைத்தார்.

"தம்பி, இந்தப் பிள்ள பதிவு போட்டேங்குது. இங்க பேரு இல்ல. செத்த பாத்துச் சொல்லுங்க."

பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. கேட்ட உடனே தெரிந்துவிட்டது. போன் ரபியாவின் கைக்குப் போனது.

"அண்ணே, பச்சை டிக் வந்துச்சுண்ணே. நான் பாத்தேன்."

"அதுக்குப் பொறவு 'உறுதி செய்'னு ஒரு பட்டன் வரும்மா. அத அமுக்காம விட்டிருப்பீங்க."

"அப்படித்தான் இருக்கும் போல... எனக்குத் தெரியலண்ணே" என்றாள்.

பச்சை டிக்குக்குப் பிறகு எந்தப் பட்டனும் இல்லை. அப்படி ஒன்றை அந்த நொடியில் நான் உண்டாக்கினேன்.

அவரைத் திருப்பி அழைத்துப் போனாள். மறுநாள் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன் பிறகு கடை திறக்கும் அளவுக்குத் தெம்பு திரும்பவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாவதைவிட இதைச் சொல்லத்தான் கூசுகிறது. அவர் மருத்துவமனையில் கிடந்தபோது நான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

போனை வைத்ததுமே ஏஐயிடம் "அந்தத் தவறைச் சரிசெய்" என்றேன். ஒரு பூட்டுப் போட்டது. ஒருவர் பதிவு முடியும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். சோதனைகள் எல்லாம் தேறின. எழுந்திருக்கப் போனவன் மறுபடி உட்கார்ந்தேன். எங்கள் ஆப் இரண்டு சர்வர்களில் ஓடுகிறதே... ஒன்றில் போட்ட பூட்டு மற்றொன்றுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். தெரியாது என்றது. இரண்டு சர்வர் இருப்பதை நான் அதற்குச் சொல்லவே இல்லை.

மறுநாளும் அதிலேயே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. எப்படிச் செய்வது என்று சொல்வதை விட்டேன். எது ஒருபோதும் நடக்கக் கூடாது என்று சொன்னேன். ஒரு படுக்கை, ஒரு நேரம், ஒரே ஆள். எத்தனை சர்வர் இருந்தாலும் இது மாறக் கூடாது. இப்போது சரிசெய்யாதே, முதலில் உடைத்துக் காட்டு. ஒரே படுக்கைக்கு நூறு பேரை ஒரே நேரத்தில் அனுப்பு.

அனுப்பியது. திரை சிவந்தது! ஒரே படுக்கை இரண்டு பேருக்கு உறுதியாகியிருந்தது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். எப்போதோ தலைகாட்டி மறைந்த தவறு, கூப்பிட்டபோதெல்லாம் வந்து நின்றது. காவலை, எல்லாப் பெயரும் பதிவாகிற டேட்டாபேஸிடமே விடச் சொன்னேன். எந்த சர்வர் வழியாக வந்தாலும் எல்லோரும் கடைசியில் அங்கேதானே போயாக வேண்டும். இரண்டாவது பெயரை அதுவே மறுக்கட்டும். மறுபடி நூறு பேர். ஒருவருக்கு இடம் கிடைத்தது. மற்ற எல்லோருக்கும் "இடமில்லை" என்று தெளிவான பதில். சிக்னல் போய் ஒருவரே இரண்டு தரம் அமுக்கினால்? அதற்கும் ஒரு சோதனை எழுத வைத்தேன். பாதிப் பதிவில் சர்வர் நின்றுபோனால்? அதற்கும். ஒவ்வொன்றையும் முதலில் உடைத்துப் பார்த்துப் பிறகு கட்டினோம். இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு களிப்பை நான் அனுபவித்ததே இல்லை.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். "என்ன, தன்னால சிரிச்சுக்கிட்டு இருக்கீய?"

"ஒரு தப்பு பிடிபட்டுருச்சு" என்றேன். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை.

இன்றைக்குப் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதையே சொல்லிக் கொடுக்கிறேன். பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அவர்களுக்கும் கண் விரியும். "இந்தத் தப்ப எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். சோதனை செய்யும்போது கண்டுபிடித்ததாகச் சொன்னேன். மையத்திலும் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் அந்த வேலை போய்விடும் என்பதாலா? தவறுதான் சரியாகிவிட்டதே என்ற சமாதானத்தாலா? அல்லது அந்தக் களிப்பை இழக்க மனம் வரவில்லையா... எனக்கே விளங்கவில்லை.

போன வாரம் மையத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்ற பெண்ணைக் காட்டி, இவள்தான் ரபியா என்றார் விஜயா மேடம்; நான் யாரென்று அவளிடமும் சொன்னார். வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி, நேரில் பெயர் கொடுக்க வந்திருக்கிறாள்.

"போன்லயே போடலாமே, எதுக்கும்மா இம்புட்டு தூரம்?" என்றேன்.

"எனக்கு அது சரிப்படாதுண்ணே. ஒரு தடவ தப்பா அமுக்கி அத்தாவ அம்புட்டுப் பாடு படுத்திட்டேன்." சற்று நிறுத்தினாள். "அன்னைக்கு ஒங்களயும் போன்ல சத்தம் போட்டுட்டேன். மனசுல வச்சுக்கிடாதீய."

அன்று அவள் சத்தம் போடவே இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "இப்ப ஆப் நல்லா வேல செய்யுதும்மா" என்றுதான் வந்தது. 'இப்ப' என்று சொன்னதை அவள் பிடித்துக்கொண்டு ஏதாவது கேட்பாளா என்று முகத்தையே பார்த்தேன். கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.