பொகவந்தலாவையில் ஒன்பது குழி ஆடி மாப்பிள்ளை பார்த்த கதை

கோல்ப் மைதானத்தில் முதல் குழி முடிந்ததும் அதில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நான் பாட்டுக்கு இரண்டாம் குழிக்கு நடந்துவிட்டேன். தேயிலைத் தோட்டத்தில் நிலம் அளக்க வருகிறவர்கள் ஒரு இடம் முடிந்ததும் கம்பைப் பிடுங்கிக்கொண்டுதான் போவார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பு. மட்டைகளைத் தூக்கி வந்த முனியாண்டி மூச்சு வாங்கப் பின்னால் ஓடி வந்து, "ஐயா, அத அங்கேயே நட்டுட்டு வாங்க. நாளைக்குத் தொரைமாரு குழியக் காணோம்னு என்னையத் தேடுவாங்க" என்றார்.

எட்டாம் வகுப்போடு நின்று, நானுஓயாவில் சில்லறைக் கடை வைத்திருக்கிற எனக்கு கோல்ப் எதற்கு என்று கேட்பீர்கள். மகள் தனத்துக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் சந்திரன், பொகவந்தலாவைக்கு மேலே துரைமார் கிளப் ஒன்றில் கிளார்க். வீட்டுக்கு வந்து பார்க்கிறோம் என்று சொல்லியனுப்பினால், பையனே பதில் போட்டிருந்தார்: திங்கட்கிழமை மத்தியானம் வரை கிளப் வேலையாட்கள் மைதானத்தில் ஆடலாம், நீங்கள் மட்டும் வாருங்கள், ஒன்பது குழியும் சேர்ந்து ஆடுவோம்.

வீட்டைக் காட்டாமல் மலையைக் காட்டுகிற மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டில் எதை ஒளித்து வைத்திருக்கிறார்? குடியா? காலில் ஊனமா? ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளா? "ஒன்பது குழி கூடவே நடந்தா வண்டவாளம் தெரிஞ்சிடும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, 1962 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை கிளம்பினேன்.

காலை 6.40க்கு ரயில். ஹட்டனுக்கு மூன்றாம் வகுப்பு எண்பத்தைந்து சதம், ஒன்றே கால் மணி நேரம். அங்கிருந்து பொகவந்தலாவைக்குப் பதினாறு மைல், பஸ்ஸுக்கு அறுபது சதம். வளைவுகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கி, நாற்பதோடு விட்டுவிட்டேன். கடைத்தெருவிலிருந்து கிளப்புக்கு ஒன்றரை மைல் ஏற்றம். பையன் பாதி வழியில் வந்து நின்றார். இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுப் பக்கம் போகவிடாமல் மறிக்கிறார் என்றே பட்டது.

முதல் குழியில் மானம் போன கதையைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது ஓடைக்கு அந்தப் பக்கம். என் பந்து ஓடைக்குள் போனது, அடுத்த பந்தும் அதைத் தேடிப் போனது. மூன்றாவது செங்குத்தான ஏற்றம். கால் பார்க்க இதுதான் இடம் என்று, "நீங்க முன்னால போங்க தம்பி" என்றேன். அவர் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிவிட்டார். நடுவில் உட்கார்ந்தது நான்தான்.

நான்காவது மலை உச்சியில். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை, கொழுந்து எடுக்கிறவர்களின் கூடைகள் புள்ளி புள்ளியாக நகர்ந்தன. அந்த அழகை நான் சரியாகப் பார்க்கவில்லை. பையன் பையிலிருந்து எடுத்த பிளாஸ்கைத்தான் பார்த்தேன். "குடிங்க ஐயா" என்று ஊற்றிக் கொடுத்ததை மோந்து மோந்து பார்த்தேன். இஞ்சித் தேத்தண்ணி.

ஐந்தாவதில் யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் பையன் பத்து நிமிஷம் காணாமல் போனார். "அடிக்கடி இப்படிப் போவாரா?" என்று முனியாண்டியிடம் மெல்லக் கேட்டேன்.

"நீங்க அடிக்கடி அந்தப் பக்கம் அடிச்சா, அவரும் அடிக்கடி போகத்தான் வேணும்" என்றார் முனியாண்டி.

பையன் என் பந்தோடு வந்தார். கையெல்லாம் முள் கீறல்.

ஆறாவது குழிக்கு முன்னால் ஒரு மணல் பள்ளம். அதற்குள் மட்டுமே ஐந்து முறை அடித்தேன். "மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா, கெணறு தோண்ட வந்தீங்களா?" என்றார் முனியாண்டி. ஒவ்வொருவரும் எத்தனை அடி என்று சொல்ல, மற்றவர் கார்டில் எழுதவேண்டும். என் கணக்கு ஒன்பது. வாயில் வந்தது ஆறு. பையன் ஆறு என்று எழுதினார். முனியாண்டி இருமினார்.

ஏழாவது முழுக்க அதே யோசனை. இவ்வளவு சுலபமாக நம்புகிறவன் ஒன்று மண்டு, இல்லாவிட்டால் மாமனாருக்கு ஐஸ் வைக்கிறவன். கேட்டே விட்டேன். "நான் சொன்னத அப்படியே எழுதிட்டீங்களே தம்பி?"

"அடிச்சவர் சொல்றதத்தான் எழுதணும் ஐயா. இங்க அதான் வழக்கம்" என்றார். முகத்தில் சிரிப்புகூட இல்லை.

எட்டாவது சின்னக் குழி, நூற்றுப் பத்து கஜம். நான்கே அடியில் போட்டேன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்பதாவது கிளப் கட்டடத்தை நோக்கி ஏறுகிறது. பாதியில் பையன் முனியாண்டியை முன்னால் அனுப்பிவிட்டு நின்றார். இதோ வருகிறது, சீதனம் கேட்கப் போகிறார் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"வீட்டுக்கு வந்தீங்கன்னா நாலு பேரு சுத்தி இருப்பாங்க, கேக்க முடியாது. அதான் இங்க வரச் சொன்னேன். ஒங்க மககிட்ட கேட்டீங்களா ஐயா? அவங்களுக்கு இதுல விருப்பமா?"

"அதெல்லாம் கேட்டாச்சு தம்பி" என்றேன்.

மேலே ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப சரிங்க" என்று பந்துக்குப் போனார். ஐந்து அடியில் முடித்தார். நான் எத்தனை அடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. அதையும் நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

அப்புறம் அவர் வீட்டுக்கும் கூட்டிப் போனார். அம்மா, இரண்டு அறை, வாசலில் ரோசாச் செடி. ஒளிக்க ஒன்றும் இல்லை.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: வேட்டி வேண்டாம், கால்சட்டை போடுங்கள். காலுக்கு இறுக்கமான சப்பாத்து முக்கியம். மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் கொடி தெரியாது, ஆகவே பத்து மணிக்குள் தொடங்கிவிடுங்கள். ஹட்டன் பஸ் 2.15க்கு, அதை விட்டால் நானுஓயா ரயில் கிடைக்காது. என்னைப் போல, கூட வருகிற ஆளைச் சந்தேகப்பட்டுக்கொண்டே நடந்தால் மலை கண்ணில் படாது. இன்னொரு முறை போய்த்தான் பார்க்கவேண்டும்.

ஏழு மணிக்கு வீடு வந்தேன். மனைவி கேட்டதற்கு, "குடி இல்ல, கால் நல்லாருக்கு, வேற ஒருத்தியும் இல்ல" என்றேன். தனம் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒன்பது குழியும் ஆடினீங்களாப்பா?" என்று கேட்டாள். ஓடையையும் மணல் பள்ளத்தையும் கொடிக்கம்பையும் ஒன்று விடாமல் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டாள். துண்டை நீட்டிக்கொண்டு, இன்னும் ஏதோ இருக்கிறது என்பதுபோல அவள் நின்றாள். "ஒனக்கு இதுல விருப்பமாம்மா?" என்று அதுவரை நான் அவளைக் கேட்டதில்லை, இப்போது கேட்க வாயெடுத்தேன். கால் கழுவக் குனிந்துகொண்டேன்.