துளிர்க்கும்வரை உரம் வேண்டாம்

தெருமுனை சலூன்காரரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும் பேச்சு, துணியை உதறி அனுப்பும்வரை ஓயாது. அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுப் படியேறினால் வாய்க்குப் பூட்டுதான். நர்ஸாக வேலை பார்க்கும் மனைவிக்கு வெளியூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தபோதும், போகாதே என்று மனசுக்குள் கத்திக்கொண்டே, வெளியே "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

கிளம்புவதற்கு முன் அவள் தன்னுடைய போன்சாய் அத்திக்குத் தொட்டி மாற்றினாள். முழ உயரம்கூட இல்லாத மரம். வேரில் பாதியைக் கத்தரித்து, புது மண்ணில் நட்டு, சலூன் ஜன்னலோரம் வைத்தாள்.

"தண்ணி மட்டும் ஊத்துங்க. புதுசா துளிர் வர்ற வரைக்கும் உரம் போடாதீங்க. துளிர் விட்டதும் சொல்லுங்க, வந்து பாக்கறேன்."

முன்பாதி ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. பின்பாதி மட்டும் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

அவள் இல்லாத வீடு அவருக்கு வீடாகவே இல்லை. பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டு, இரண்டையும் தானே குடித்தார். கடையைத் திறந்ததும் முதல் வேலையாகக் கிளைகளைத் தடவிப் பார்த்தார். துளிர் வருகிற வழியாகத் தெரியவில்லை.

வெட்டிய இடத்தைச் சும்மா விட்டுப் பழகாத கை அது. சவரம் செய்தால் படிகாரம், முடி வெட்டினால் எண்ணெய். வெட்டுப்பட்ட வேரை மட்டும் பட்டினி போடுவதாவது என்று ஒரு பாட்டில் உரம் வாங்கித் தாராளமாக ஊற்றினார். தெம்பு வந்தால் சீக்கிரம் துளிர்க்கும், துளிர்த்தால் அவள் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

மரம் அந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. இலையோரங்கள் கருகின. பிறகு இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கூட்டிய முடியோடு குப்பைக்குப் போயின. அவள் போனில் விசாரித்தபோதெல்லாம் "நல்லா இருக்கு" என்று சாதித்தார் பாவி மனுஷர்.

ஒருநாள் காலை, பஸ் டிரைவர் ஒருவருக்குப் பாதி சவரத்தில் இருந்தபோது அவள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"மரத்தக் காட்டுங்களேன்."

இனி மறைக்க வழியில்லை. "உரம் போட்டுட்டேன்" என்றார்.

அவள் திட்டவில்லை. நோயாளியிடம் கேட்பதுபோல, "எவ்வளவு?" என்றாள்.

"கொஞ்சம் கூடுதலாவே."

"வெட்டின வேர் இன்னும் ஆறலைங்க. உரத்தை அதால தாங்க முடியாது, வெந்துடும். நெறைய தண்ணி ஊத்தி மண்ணைக் கழுவி விடுங்க. அப்புறம் நெழல்ல வெச்சிட்டுத் தொடாதீங்க. பொழைச்சாலும் பொழைக்கும்." பிறகு கேட்டாள். "அவ்வளவு சொல்லியும் என்ன அவசரம் உங்களுக்கு?"

டிரைவர் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்து நுரை காய ஆரம்பித்திருந்தது.

"துளிர்த்தாத்தானே நீ வருவே" என்றார் சலூன்காரர்.

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"வான்னு நீங்க ஒரு தடவையாவது கூப்பிட்டீங்களா? அதான், மரத்தைச் சாக்கு வெச்சாவது வரலாம்னு பாத்தேன்."

கத்தியைக் கீழே வைத்தார்.

"வா" என்றார். "அது துளிர்த்தாலும் சரி, பட்டுப்போனாலும் சரி. நீ வா."