எழுத்தர் ஷுமெய் கேட்ட கேள்வி

குற்றவியல் நீதிமன்ற எழுத்தர் ஷுமெய்க்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருடங்களாகப் பிறர் பேசுவதைத் தட்டச்சு செய்வதுதான் பிழைப்பு. அவள் அடிப்பது அந்தக் கணமே நீதிபதி முதல் குற்றவாளிக் கூண்டு வரை எல்லோருடைய திரையிலும் ஓடும். அதனால் சாட்சிகள் நீதிபதியை விட்டுவிட்டு அவளிடம்தான் சண்டைக்கு வருவார்கள். "நான் திருட்டுப்பயன்னு சொன்னா நீ அவர்னு போடுறியே!" என்பார்கள். ஷுமெய் வாயைத் திறக்க மாட்டாள். எழுத்தர் விசாரணையில் குறுக்கிட்டால் பணிப் பதிவேட்டில் கறுப்புப் புள்ளி விழும். பேசாமல் விட்ட பாக்கி முழுவதையும் வீட்டில் புருஷன் கேட்டுத் தீர்த்தான்.

அந்த ஜனவரியில் மிங்தெ என்ற மீனவன்மேல் வழக்கு. போன ஜூன் பதினைந்தாம் தேதி இரவு பக்கத்துப் படகின் எஞ்சினைத் திருடினான் என்று குற்றச்சாட்டு. ஏற்கெனவே ஓர் அடிதடி வழக்கு இருந்ததால், இந்த முறை ஒரு வருடம் உள்ளே போவது உறுதி. ஒரே சாட்சி, மிங்தெயின் தீவில் கருவாடு விற்கும் பாவ்ஜு. வாடைக் காற்றில் படகு ஓடாததால் தீவின் காவல் நிலையத்திலிருந்து காணொளியில் விசாரணை.

திரையில் முதலில் ஒரு நெற்றி மட்டும் தெரிந்தது. பின்னால் தள்ளி உட்காரச் சொன்னதும் கூடவே நாலு தலைகள் தெரிந்தன.

"சாட்சி தனியா இருக்கணும். பின்னாடி யாரும்மா?" என்றார் நீதிபதி லியாவ். தலைநகர் தைப்பேயிலிருந்து வந்த இளைஞர்.

"யாருமில்லீங்க, நம்மாளுங்கதான்."

அவர்களை வெளியே அனுப்பவே பத்து நிமிடம் ஆனது. பாவ்ஜுவுக்குப் படிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு உறுதிமொழியை எழுத்தர்தான் வாசிக்க வேண்டும். பொய் சொன்னால் ஏழு வருடம் வரை சிறை என்று ஷுமெய் வாசித்தாள்.

"என்ன கண்ணு, காலங்காத்தால ஜெயிலுங்கிறே? நீ சாப்பிட்டியா?" என்றாள் பாவ்ஜு, கைநாட்டை வைத்துக்கொண்டே.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். "எந்த நாள் பாத்தீங்க?"

"ஆறாம் மாசம் பதினைஞ்சு, அடிச்சுச் சொல்றேன். சாமிக்குப் பழம் வெச்சுட்டு, சாமிக்குக் காகிதப் பணம் எரிச்ச தொட்டியைக் கழுவிக்கிட்டிருந்தேன். நிலா பட்டப்பகலாட்டம் அடிச்சுது. இவன் எஞ்சினைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான்."

"ஆறாம் மாதம், அதாவது ஜூன்" என்று வழக்கறிஞர் தாளில் கோடு போட்டார். அவர் முகத்திலும் நிலா அடித்தது.

"அன்னிக்கு நான் தீவிலேயே இல்லீங்க!" என்று மிங்தெ துள்ளி எழுந்தான்.

"உக்காருங்க. உங்க முறை வரும்" என்றார் நீதிபதி.

ஷுமெய்யின் விரல்கள் நின்றன. இன்னும் தூக்கிப் போடாத போன வருட மேசை நாட்காட்டியில் தேதிக்கு அடியில் பொடி எழுத்தில் சந்திரக் கணக்கும் இருக்கும். புரட்டினாள். ஜூன் பதினைந்து அமாவாசை. சாமிக்குப் பழம் வைக்கும் பௌர்ணமி, சந்திரக் கணக்கின் ஆறாம் மாதப் பதினைந்து, ஜூலைக் கடைசியில் வந்திருந்தது. பாவ்ஜுவிடம் காவலர் வாக்குமூலம் வாங்கியதே செப்டம்பரில்தான். அதற்குள் இரண்டு தேதிகளுமே கடந்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இத்தனை சட்டம் படித்தவர்களில் ஒருவர்கூட வீட்டில் ஊதுவத்தி ஏற்றியது கிடையாதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கூண்டில் மிங்தெ முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பொறுக்கவில்லை. விரல்கள் தாமாக அடித்துவிட்டன:

கேள்வி: அம்மா, சாமி கும்பிடற நாட்காட்டியா, ஆபீஸ் நாட்காட்டியா?

எல்லோர் திரையிலும் அது வந்து நின்றது. ஷுமெய்க்குக் காது சுட்டது.

"இதை யார் கேட்டது?" என்றார் நீதிபதி. ஷுமெய் பக்கம் திரும்பினார். "அழிங்க."

அழித்தாள். நீதிபதி தொண்டையைச் செருமி, ஓர் எழுத்துப் பிசகாமல் அதையே கேட்டார்.

"சாமி நாட்காட்டிதான்! ஆபீஸ் தேதியை வெச்சுக்க நான் என்ன மந்திரி வேலையா பாக்குறேன்?"

"ஐயோ, அன்னிக்கா!" என்று மிங்தெ கத்தினான். "அது என் எஞ்சின்க்கா! ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போனேன். கருவாடு வாங்கிட்டுப் போடான்னு நீதானே கூப்பிட்டே!"

"ஆமா. அன்னிக்கும் வாங்கலை, பாவி!"

இரண்டு வாரத்தில் விடுதலை. மிங்தெ நீதிபதியை மூன்று முறை குனிந்து வணங்கினான். எழுத்தர் பக்கம் திரும்பவே இல்லை. தீர்ப்பில், "நீதிமன்றம் சாட்சியை மிக நுணுக்கமாக விசாரித்ததில்" என்று ஒரு வரி இருந்தது. தீர்ப்பின் ஒவ்வொரு நகலிலும் 'மூலத்தில் உள்ளபடியே' என்ற சிவப்பு முத்திரையைத் தன் பெயரோடு குத்துவது எழுத்தர் வேலை. ஏழு நகல்கள். ஷுமெய் குத்திய குத்தில் பக்கத்து மேசைக்காரரின் தேநீர் சிந்தியது.