ஒரு மாடி உயரம்

வேலை போன நான்காவது வருடத்தில்தான் அந்த விமானத்தைப் பார்த்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை, துணி போர்த்திய உடம்பு, கூரையே இல்லாத இருக்கைகள். என் அப்பாவைவிட வயதானது. ரவாங் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு புல்தரையில் நின்றது. நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு ஜெட் ஓட்டியவன், வானத்திலிருந்து பாரசூட் கட்டிக் குதிக்கிறவர்களை இதில் ஏற்றிப் போக ஒப்புக்கொண்டேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

தொற்றுநோய்க் காலத்தில் எங்கள் நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது நானும் போனேன். பிறகு வாடகைக் கார் ஓட்டினேன். எங்கே விண்ணப்பித்தாலும் ஒரே கேள்வி: கடைசியாக எப்போது பறந்தாய்? அதற்கு ஒரு பதில் வேண்டும் என்றுதான் இந்தக் கிழட்டு விமானத்தைப் பிடித்துக்கொண்டேன். மூழ்குகிறவனுக்குத் துரும்பும் துணைதானே.

முதல் நாள் பழகக் கிளம்பிய காலை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மனைவி தேநீரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "இதுதான் கடைசி, சரியா? இதுவும் சரிவரலன்னா அண்ணன்கிட்ட மேரு வேலைக்கு வரேன்னு சொல்லிடுங்க." அவள் அண்ணனுக்குக் கிள்ளான் பக்கத்து மேருவில் பெரிய கிடங்கு. மேற்பார்வையாளர் நாற்காலி ஒன்று எனக்காகக் காலியாகவே கிடந்தது. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

விமானத்தின் சொந்தக்காரர் கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருப்பவர். மூன்று நாள் காலையில் முன் இருக்கையில் உட்கார்ந்து என்னைப் பழக்கினார். பெரிய ஜெட்டில் சக்கரம் தரையைத் தொடும்போது விமானி ஒரு மாடி உயரத்தில் உட்கார்ந்திருப்பான். கண் அந்த உயரத்துக்கே பழகிவிடும். இதிலோ புல்லின் மேலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறையும் நான் சீக்கிரமே பிடியைப் பின்னால் இழுத்து விமானத்தின் மூக்கைத் தூக்கப் பார்ப்பேன். "இன்னும் இல்லண்ணே, இன்னும் கீழ போங்க" என்று காதுக்கருவியில் அவர் குரல் வரும். அந்தக் குரலால்தான் மூன்று நாளும் ஒழுங்காக இறங்கினேன்.

நான்காம் நாள் முன் இருக்கையில் அவர் இல்லை. குதிக்க வந்த ஒரு சீனக் கணவனும் மனைவியும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அன்று கல்யாண நாளாம். மேலே போனதும் இருவரும் கீழ் இறக்கையில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கமாகச் சாய்ந்த விமானத்தைப் பிடித்து நிறுத்தினேன். "நைஸ் லா, பாஸ்!" என்று அந்தப் பெண் கத்தினாள். கைகோத்துக்கொண்டு விழுந்தார்கள். நான்கு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பிறகு முன் இருக்கை காலி. ஏற்றிப் போனவர்கள் இல்லாமல் நான் தரைக்குத் திரும்பியதே இல்லை. காதுக்கருவியில் காற்றின் இரைச்சல் மட்டும். செம்பனை உச்சிகளைத் தாண்டியதும் புல் வந்தது. கை தானாகவே பின்னால் இழுத்தது. சரியாக ஒரு மாடி உயரத்தில். விமானம் அங்கேயே தயங்கி, பொத்தென்று விழுந்தது. ஒரு சக்கரத்தின் கால் மடங்கி, இறக்கை மண்ணை உழுதுகொண்டே போய் நின்றது.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவே வெட்கமாக இருந்தது. எனக்கு முன்பே தரைக்கு வந்துவிட்ட கணவனும் மனைவியும் பாரசூட்டைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். சொந்தக்காரர் கிழிந்த துணியைத் தடவிக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஆனைக்கும் அடி சறுக்கும்ணே" என்றார். அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் முகத்தைப் பார்த்தே மனைவி புரிந்துகொண்டாள். அவளே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

மேரு கிடங்கில் என் அறை முதல் மாடியில். முதல் நாள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கீழே லோரிகள் வருவதும் போவதுமாக இருந்தன. சிமெண்டுத் தரையைப் பார்த்ததும் உடம்பு கண்டுகொண்டது. அதே உயரம். சக்கரம் தொடுகிற நேரம். மேசைக்கு அடியில் என் கை மெல்லப் பின்னால் இழுத்தது.

இப்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.