பச்சை மீனும் அணைக்காத அடுப்பும்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஒன்பது. நாத்தனார் பிள்ளைகள் நாலு பேரும் என் கையால் சாப்பிட்டுத்தான் ஆளானார்கள். பூனைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை.

இப்போது டவுனில், டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில், பேத்தி வீட்டில் இருக்கிறேன். அவளுக்கு இரண்டு பூனைகள். போன மாதம் போனில் எதையோ பார்த்துவிட்டு, இனி அதுகளுக்கு வேகவைத்தது கிடையாது, பச்சைக் கோழிக்கறிதான் என்று முடிவு செய்தாள். சின்னத் தராசில் நிறுத்துத் தட்டில் வைக்கிறாள். பூனைகள் அதை மோந்து பார்த்துவிட்டு, இதென்ன அநியாயம் என்பதுபோல என் முகத்தைப் பார்க்கின்றன. எனக்குச் சிரிப்பாக வந்தது. இந்தக் கூத்தை நான் ஒன்பது வயதிலேயே பார்த்தவள்.

அப்போது லாங் ஐலண்ட் என்கிற தீவில் இருந்தோம். அப்பாவுக்கு மர ஆலையில் வேலை. அரிசி கப்பலில் வரவேண்டும். வந்த மூட்டையை எலியிடமிருந்து காக்கவேண்டும். அதற்கென்று வளர்த்த பூனையோ மீன்குழம்புச் சோறு தின்று தின்று, எலி பக்கத்தில் வந்தால் காலை மடக்கி வழிவிட்டது. ஒருநாள் மூட்டையில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

“பத்து நாள் டைம். அதுக்குள்ள ஒரு எலியாவது பிடிக்கணும். இல்லேன்னா ரங்கத் போற போட்டுல ஏத்தி விட்டுருவேன்” என்றார் அப்பா.

அந்தப் பூனை என் பாயில்தான் படுக்கும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமாதான் முன்னால் வந்தார். அம்மாவின் தம்பி. மெயின்லேண்டில் மூன்று வேலையில் சேர்ந்து, மூன்றிலும் நிலைக்காமல், எங்கள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு எதிரே தலை நிமிராத மனிதர் அன்று நிமிர்ந்தார்.

“புலிக்கு யாருக்கா சோறு வடிக்கிறா? இன்னையிலேர்ந்து சோறு பந்த். பச்சை மீன் மட்டும்தான். பாருங்க, பக்கா வேட்டைக்காரி ஆயிரும்.”

“மொதல்ல நீ ஒரு வேலையைப் பிடி மாப்ளே. அப்புறம் அது எலியைப் பிடிக்கட்டும்” என்றார் அப்பா.

மாமாவின் முகம் சுண்டிப்போனது. அம்மா மீன் அலசினாள்.

இரண்டு நாள் பூனை அந்தப் பச்சை மத்தியைத் தொடவே இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம், எல்லாரும் கண்ணசந்த நேரத்தில், நான் மத்தியை ஈர்க்கில் குத்தி அடுப்புத் தணலில் வாட்டினேன். முள்ளை எடுத்து, ஊதி ஊதிக் கொடுத்தேன். தட்டு பளபளத்தது.

“பார்த்தியாக்கா!” என்று மாமா குதித்தார். வேலிக்கு வேலி போய்ச் சொன்னார். நாலு வீட்டில் பூனைகளுக்குச் சோறு நின்றது. அந்தப் பூனைகளெல்லாம் தணல் வாசனை பிடித்து எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தன. எட்டாம் நாள் நான் ஆறு பூனைக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வங்காளி மாசி எட்டிப் பார்த்து, “அரே பாபா, எங்க பில்லிப் பூனைகூட இங்கதான் டியூட்டியா?” என்றாள். நான் மத்தியைப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலை வாசற்படியில் ஒரு எலி செத்துக் கிடந்தது. பக்கத்தில் மாசி வீட்டுக் காதறுந்த கடுவன் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் வேட்டைக்காரி இன்னும் என் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா கடுவனைக் காலால் தள்ளிவிட்டு, எலியை வாலைப் பிடித்துத் தூக்கினார்.

“மச்சான், இது எப்படி?”

அப்பா எலியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். “சரி, இருக்கட்டும்” என்றார். பூனை தங்கிவிட்டது. அந்த வாரமே மாமா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போய் வேலை கேட்டார். கிடைத்தது.

எல்லாம் என் சாமர்த்தியம் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு அடுப்பும் ஐந்து பிள்ளைகளும் ஆன பிறகுதான் ஒன்று உறைத்தது. கரி வீணாகக் கூடாதென்று அம்மா மத்தியானச் சமையல் முடிந்ததும் தணலில் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவாள். ஒருநாளும் தவறமாட்டாள். அந்த ஒரு வாரம் மட்டும் அணைக்கவில்லை. அடுப்போரம் சீவி வைத்த ஈர்க்குக்கூட இருந்தது. அது யார் சீவியது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பட்டினி கிடந்தது பூனை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு நல்ல வார்த்தைக்கு மாமாவும் கிடந்திருக்கிறார்.

இப்போது பேத்தி ஆபீசுக்குக் கிளம்பியதும் கோழிக்கறியை ஒரு கொதி விட்டு எடுக்கிறேன். சாயங்காலம் தட்டு காலி. அவள் சிநேகிதிகளிடம் போனில் பெருமையடிக்கிறாள். அடிக்கட்டும். ஆனால் நேற்றுக் காலை அடுப்பின் மேல் சின்னச் சட்டியில் அளவாகத் தண்ணீர் இருந்தது. நான் வைக்கவில்லை.

கண்ணு, ஆபீசிலிருந்து வந்துவிட்டாயா? இங்கே வா. என் எழுத்து எனக்கே பிடிபடமாட்டேன் என்கிறது. முதலிலிருந்து சத்தமாக வாசி. சட்டி வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி என் முகத்தைப் பார்க்காதே.